புல்லைக் கிழித்த கடன்



வேலை போய், கடன் கழுத்தை நெரிக்கும் காலத்தில், "முதலில் வயிற்றைப் பார்ப்போம், மரத்தையும் மண்ணையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சு எழும். பசித்தவர் அப்படிச் சொன்னால் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த 'அப்புறம்' எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1930களில் அமெரிக்கச் சமவெளி மக்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமைக்கு நல்ல விலை. ஓக்லஹோமா, கான்சாஸ் பக்கத்துப் புல்வெளிகளை உழுது தள்ளினார்கள். பிறகு பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, விலை படுத்துவிட்டது. கடனைக் கட்டியாக வேண்டுமே! விலையில் விட்டதை விளைச்சலில் பிடிக்கலாமென்று இன்னும் புல்லைக் கிழித்தார்கள். மழை பொய்த்தது. புல்வேரின் பிடி இல்லாத மண், காற்றோடு எழுந்து வானத்தை மூடியது. பட்டப்பகலில் விளக்கேற்ற வேண்டியிருந்தது. ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகினார்கள், தட்டுகளைக் கவிழ்த்தே வைத்தார்கள்; அப்படியும் சாப்பாட்டில் மண் கடித்தது. ஊரைவிட்டுப் போனவர்கள் லட்சக்கணக்கில். கடனுக்குப் பயந்து மண்ணை வருத்தினார்கள். கடைசியில் கடனும் தீரவில்லை, மண்ணும் மிஞ்சவில்லை.

1933 மார்ச் 4 அன்று ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது, தொழிலாளர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலையில்லை. எந்த அரசும் காட்டை மறந்துவிடக்கூடிய நேரம் அது. அவரோ அந்த மாதம் 31ஆம் தேதியே ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வேலையில்லாத இளைஞர்களை முகாம்களில் சேர்த்து, காட்டையும் மண்ணையும் காக்கும் வேலையைக் கொடுக்கும் சட்டம். உணவு, உடை, தங்குமிடம் போக மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். மகன் மலைச்சரிவில் குழி தோண்டி நாற்று ஊன்றிக்கொண்டிருப்பான். அந்தக் கூலியில் வீட்டில் அம்மா மாவு வாங்குவாள். இந்த ஏற்பாடுதான் என்னை மிகவும் நெகிழவைக்கிறது. வயிறா, மரமா என்று யாரும் அந்த வீட்டைக் கேட்கவில்லை. ஒரே காசு இரண்டையும் பார்த்துக்கொண்டது.

ஒன்பது ஆண்டுகளில் சுமார் 30 லட்சம் பேர், சுமார் 300 கோடி மரங்கள். காட்டுத்தீயை அணைத்தார்கள், மண் அரித்த ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள், பூங்காக்களுக்குப் பாதை போட்டார்கள். குறைகளும் இருந்தன. கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் ஒதுக்கினார்கள். பெண்களுக்கு அந்த முகாம்களில் இடமில்லை. அதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

1935இல் ஹியூ பென்னட் என்ற மண் அறிவியலாளர் நாடாளுமன்றக் குழுவிடம் மண்ணுக்காக வாதாடினார். அந்த நாட்களில் சமவெளியின் புழுதி தலைநகர் வாஷிங்டன் வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலிலேயே மண்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. சரிவுக்குக் குறுக்கே உழுவதும், காற்றைத் தடுக்க வரிசையாக மரம் வைப்பதும் உழவர்களிடம் பரவின.

நம் ஊரிலும் வறட்சி வரும், நிவாரணம் என்று பணமும் வரும். அந்தப் பணத்தில் ஒரு பங்காவது வரத்துக் கால்வாயிலும் ஏரிக்கரையிலும் கூலியாக இறங்க வேண்டும். அடுத்த கிராம சபையில் வேலைப் பட்டியலை வாசிக்கும்போது, உங்கள் ஊர்க் குளத்தின் பெயர் அதில் இருக்கிறதா என்று எழுந்து கேளுங்கள்.