மாற்ற முடிந்ததை மாற்றாதிருத்தல்

தலைமயிரைப் பற்றிச் சமயங்கள் பட்டிருக்கும் கவலை வியப்பானது. வெட்டினால் வலிக்காது, வெட்டிய பிறகும் வளரும், தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியில் உயிர்கூட இல்லை. ஆயினும் மழிக்கச் சொன்ன சமயங்கள் உண்டு, கத்தியே படக்கூடாது என்றவை உண்டு, சடையாகத் திரளவிட்டுப் போற்றியவையும் உண்டு. இந்த மயிர் நாமா, நம்முடையதா என்ற பழைய கேள்வி 2016இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்றின் முன்னால் புதிய உருவில் வந்து நின்றது. அலபாமா மாநிலத்தில் ஒரு நிறுவனம் கறுப்பினப் பெண் ஒருவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ‘ட்ரெட்லாக்ஸ்’ எனப்படும் தன் சடையை வெட்ட அவர் மறுத்ததும் அந்த வாய்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன வேற்றுமைக்கு எதிரான சட்டம் மாற்ற முடியாத இயல்புகளையே காக்கும்; முடியின் தன்மை அதில் அடங்கலாம், ஆனால் சடை என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு முடியமைப்பு என்று பதினோராவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்கு இனம் பற்றியது, சமயம் பற்றியதல்ல. ஆனாலும் தீர்ப்புக்கு அடியில் ஒரு தத்துவம் இருக்கிறது: பிறப்போடு வந்ததே நாம், தேர்ந்துகொண்டது வெறும் அலங்காரம். சமயத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்தத் தத்துவம் தலைகீழானது என்பதே என் வாதம். மாற்ற முடியாத ஒன்றை வைத்து யாரும் நோன்பு நோற்க முடியாது. மாற்ற முடிந்தும் மாற்றாதிருக்கும் இடத்தில்தான் நோன்பு தொடங்குகிறது.

முதலில் சடை எப்படி உண்டாகிறது என்று பார்க்க வேண்டும். மனிதத் தலையிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 100 முடிகள் உதிர்கின்றன. சீப்பு போட்டால் அவை சீப்போடு வந்துவிடும். ஆப்பிரிக்க வழிவந்தோர் பலரின் இறுகிய சுருள்முடியில் சீப்பு படாவிட்டால், உதிர்ந்த முடி கீழே விழாமல் பக்கத்து முடிகளைச் சுற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். அப்படித் தங்கியவை ஒன்றோடொன்று பின்னி நாளடைவில் கயிறாகத் திரளும். இந்த அளவில் இது இயற்கைதான். ஆனால் இன்று சடை வளர்ப்பவர்களில் பெரும்பாலோர் இயற்கையிடம் மட்டும் விட்டுவிடுவதில்லை. தலையைச் சிறு சிறு கட்டங்களாக வகிர்ந்து, சீப்பின் நுனியால் சுருட்டியோ, இரண்டு புரியாகத் திரித்தோ, பின்னலிட்டோ தொடங்குகிறார்கள். தொடக்கத் திரி சில மாதங்களில் நடுவே புடைத்து முடிச்சு கட்டும். பிறகு எந்தப் பக்கமும் படியாமல் விறைத்து நிற்கும் ஒரு பருவம் வரும். முதிர்ந்து இறுக ஒன்றரை ஆண்டுகூட ஆகலாம். சில வாரங்களுக்கொருமுறை புதிதாக முளைத்த வேர்ப்பகுதியைத் திரும்பவும் முறுக்க வேண்டும். ஆக, வளர்வது இயற்கை. வடிவம் பெறுவது கைவேலை. இரண்டையும் பிரித்துக் கோடு போட முடியாது.

இங்கேதான் முதல் மறுப்பு எழுகிறது. சடையின் புனிதம் அதைத் தொடாமல் விடுவதில்தானே இருக்கிறது, கத்தியும் சீப்பும் படாத தலை என்பதுதானே ஜமைக்காவில் எழுந்த ரஸ்தாஃபாரி சமயத்தாரின் பெருமை, பராமரிப்பு அதைக் கெடுக்காதா என்பது. ரஸ்தாஃபாரிகள் சான்று காட்டுவது விவிலியத்தின் எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தை. நசரேய விரதம் பூண்டவன் திராட்சரசம் குடிக்கக்கூடாது, பிணத்தருகே போகக்கூடாது, தலையில் சவரகன் கத்தி படக்கூடாது என்கிறது அது. அதே அதிகாரத்தைக் கடைசிவரை படித்தால் வேறொன்றும் தெரியும். விரதத்துக்கு ஒரு காலவரை உண்டு. அது முடிந்ததும் விரதி தன் தலையைச் சிரைத்து, அந்த மயிரைப் பலியின் கீழே எரியும் தீயில் போட வேண்டும். மயிர் தன்னளவில் புனிதமானது என்றால் இது பொருந்தாது. விரதத்தால்தான் மயிருக்குப் புனிதம் வந்தது, மயிரால் விரதத்துக்கு அல்ல. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், ஆண் முடியை நீளமாக வளர்ப்பது அவமானம் என்று இயற்கையே கற்பிக்கவில்லையா என்று கேட்கும் பவுல், அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தின்படி ஒரு பிரார்த்தனையின் பொருட்டுக் கெங்கிரேயாவில் தலைச்சவரம் செய்துகொள்கிறார். இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தவரின் தலையிலும் இறுதியாகப் பேசியது பிரார்த்தனைதான்.

விவிலியத்தின் வீரன் சிம்சோன் தாய் வயிற்றிலிருந்தே நசரேயன் ஆயிற்றே, அவன் எதையும் தேர்ந்துகொள்ளவில்லையே என்று கேட்கலாம். நைஜீரியாவின் யொருபா மக்கள் பிறவியிலேயே சடைவிழும் குழந்தைகளை ‘தாதா’ என்று தனியாகப் போற்றுவதையும் இதோடு சேர்த்துக் காட்டலாம். இரண்டும் வலுவான எடுத்துக்காட்டுகள். என் வாதத்தை ஓரளவு நெருக்கவும் செய்கின்றன. ஆனால் சிம்சோன் கதையின் உயிர்நாடி அவன் முடியில் இல்லை. அவன் விரும்பிய தெலீலாள் மூன்று முறை கேட்டும் காத்த தன் வலிமையின் மறைபொருளை நான்காம் முறை அவன் சொல்லிவிடுகிறான். வீழ்ச்சி அப்போதே நேர்ந்துவிட்டது, கத்தி பின்னால்தான் வருகிறது. பிறப்பில் கிடைத்ததையும் நாள்தோறும் காத்தாக வேண்டும் என்றே அந்தக் கதை சொல்கிறது. தாதா குழந்தையின் தலைமுடிக்கும் பொருள் தருவது, அதை எப்படி நடத்த வேண்டும் என்று ஒரு சமூகம் வகுத்துக்கொண்ட வழக்கம்தான்.

ஜமைக்காவின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1930 நவம்பரில் எத்தியோப்பியாவில் ஹெய்லி செலாசி முடிசூடியதை அடுத்து, லெனர்டு ஹவல் போன்றோரின் போதனையால் ஜமைக்காவில் ரஸ்தாஃபாரி இயக்கம் எழுந்தது. தொடக்கத்திலேயே எல்லோரும் சடை வளர்க்கவில்லை. 1940களின் இறுதியில் இளைஞர் குழு ஒன்று சடையைத் தம் அடையாளமாக ஏற்றது என்றும், சீப்பு இடுவோர், சடையர் என இயக்கமே இரண்டுபட்டது என்றும் ஆய்வாளர் பாரி செவான்ஸ் காட்டுகிறார். 1968இல் தொடங்கிய ‘இஸ்ரவேலின் பன்னிரு கோத்திரங்கள்’ என்ற பிரிவு இன்றும் சடையைக் கட்டாயமாக்கவில்லை. எனவே சடை அந்த மக்களின் உடம்பிலிருந்து தானாகக் கிளம்பிய விதியல்ல. விவாதித்து, தேர்ந்து, விலை கொடுத்துக் காத்த ஒன்று. அந்த விலை 1963இல் தெரிந்தது. கோரல் கார்டன்ஸில் ஒரு பெட்ரோல் நிலையம் தாக்கப்பட்டு உயிர்கள் போனதை அடுத்து, குற்றத்தோடு தொடர்பே இல்லாத ரஸ்தாஃபாரிகளும் கூட்டங்கூட்டமாகப் பிடிக்கப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள், பலருடைய சடை வலுக்கட்டாயமாக வெட்டப்பட்டது. 2017இல் ஜமைக்க அரசு மன்னிப்புக் கேட்டது. முடி திரும்ப வளரும் என்று சொல்பவர் இங்கே பறிபோனது எதுவென்று பார்க்கத் தவறுகிறார். வெட்டப்பட்டது பல ஆண்டுகள் நாள்தோறும் புதுப்பிக்கப்பட்ட ஒரு முடிவு. மயிர்க்கால் அதைத் திருப்பித் தராது.

பராமரிப்பைப் பற்றிய ஐயத்துக்கு இப்போது விடை சொல்லலாம். தொடாமல் விடுவது பராமரிப்பைவிடத் தூய்மையானது என்ற எண்ணம் சடையின் நடைமுறையிலேயே உடைகிறது. கழுவாத சடையில் அழுக்கும் பஞ்சிழையும் சேரும். கழுவிவிட்டு உள்வரை உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்து நாறும். மெழுகும் கெட்டியான பசையும் பூசினால் அவை உள்ளேயே தங்கிவிடும். மறுபக்கம், ஆர்வமிகுதியால் அடிக்கடி இறுக்கி முறுக்கினால் வேர் தளர்ந்து நெற்றியோரத்தில் வழுக்கை விழும். விட்டுவிடுவதும் கெடுக்கிறது, விடாமல் பிடிப்பதும் கெடுக்கிறது. நாற்றை இழுத்து உயரமாக்க முடியாது என்று தெரிந்த உழவர் அதற்காக வயலைக் களைக்கு விட்டுவிடுவதில்லை. கை வைக்க வேண்டிய நேரமும் கையை எடுக்க வேண்டிய நேரமும் அறிந்திருப்பதுதான் இங்கே ஒழுக்கம். உலகெங்கும் துறவு நூல்கள் பழக்க முயல்வதும் இந்த அளவறிதலையே.

வலுவான மறுப்பு நம் பக்கத்திலிருந்தே வருகிறது. உலகம் பழிப்பதை விட்டவனுக்கு மழிப்பதும் வேண்டாம், சடை வளர்ப்பதும் வேண்டாம் என்பது கூடாவொழுக்க அதிகாரத்தில் வள்ளுவர் கருத்து. சடையாலோ பிறப்பாலோ ஒருவன் பிராமணனாவதில்லை என்கிறது தம்மபதம். புறக்கோலம் அகத்துக்கு ஈடாகாது என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவை மறுப்பது ஒழுக்கத்தின் இடத்தில் வந்து உட்காரும் கோலத்தை. ஒழுக்கத்தோடு சேர்ந்து நிற்கும் கோலத்தை அல்ல. புத்தரிடம் வந்த சடிலர்களான, அதாவது சடைமுடித் துறவிகளான, காசியப சகோதரர்கள் சடையை வெட்டி ஆற்றில் விட்டதாக விநயபிடகம் சொல்கிறது. அதே விநயம் பிக்குவின் முடி இரண்டு விரற்கடைக்கு மேல் வளரக்கூடாது என்று அளவும் வைக்கிறது. கோலம் பொருளற்றது என்றால் இந்த அளவு எதற்கு? உடம்பின்மேல் நாள்தோறும் கண்ணில் படும் ஒரு விதி, மனம் மறந்ததை நினைவூட்டும் என்பது அந்தச் சங்கத்துக்கும் தெரிந்திருந்தது. மழிப்பும் சடையும் எதிரெதிர்க் கோலங்கள். செய்யும் வேலை ஒன்று.

இன்று சடை வளர்ப்பவர்களில் பலருக்கு ரஸ்தாஃபாரியோடு தொடர்பு இல்லை, அது அழகு நிலையத்தின் சரக்காகிவிட்டது என்ற குறையும் உண்டு. உண்மைதான், எல்லாச் சடையும் நோன்பாகாது. ஆனால் சூடேற்றிய சீப்பாலும் எரியும் காரப் பூச்சுகளாலும் தம் முடியை நேராக்கியே ஆக வேண்டும் என்று தலைமுறைகளாக நெருக்கப்பட்ட கறுப்பினப் பெண்கள் அதை நிறுத்தித் தம் சுருளைத் திரளவிடும்போது, அதை வெறும் நாகரிகம் என்று ஒதுக்க முடியாது. தெய்வத்துக்கு நேர்ந்தது அல்ல என்றாலும், தன் உடம்பைப் பிழையாக எண்ண மறுக்கும் முடிவு அது. முதிரும்வரை, கண்ணாடிக்குப் பிடிக்காத மாதங்களையும் பொறுத்துக் காக்க வேண்டிய முடிவு. சமயம் சார்ந்த சடையோடு அதற்கு உள்ள உறவு பொறுமையில் இருக்கிறது, நம்பிக்கையில் அல்ல. இரண்டையும் ஒன்றாக்குவதும் தவறு, ஒன்றைக் காட்டி மற்றதைச் சிறுமைப்படுத்துவதும் தவறு.

சடை ஒருவரின் தேர்வு என்றால் பள்ளியும் சிறையும் நிறுவனமும் அதை விடச் சொல்லலாமே என்பது கடைசி மறுப்பு. ஜமைக்காவிலேயே 2018இல் ஒரு தொடக்கப் பள்ளி சுகாதாரத்தைக் காரணம் காட்டி, சடையோடு ஒரு சிறுமியைச் சேர்க்க மறுத்தது. உரிமை மீறல் இல்லை என்று 2020இல் வந்த தீர்ப்பை 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்றியது. கலிபோர்னியா 2019இல் கொண்டுவந்த கிரவுன் சட்டம், சடையையும் பின்னலையும் இனத்தின் அடையாளத்தில் சேர்த்து அவற்றுக்குப் பாதுகாப்புத் தந்தது. நல்ல விளைவு, ஆனால் அதன் வழி, சடை பிறப்போடு ஒட்டியது என்று காட்டும் வழி. சமயத்துக்கு அந்த வழி போதாது. மதமும் மாற்றிக்கொள்ளக்கூடியதுதான், மனிதர்கள் மாறியே வந்திருக்கிறார்கள். மாற்ற முடியாததை மட்டும் காப்பது சட்டம் என்றால் வழிபாட்டுரிமைக்கு அதில் இடமே இராது. எனவே நீதிமன்றம் கேட்க வேண்டியது இதை மாற்ற முடியுமா என்பதை அல்ல. மாற்றச் சொல்வதால் எதை அழிக்கிறோம், அதற்கு ஈடாகும் தேவை உண்மையில் இருக்கிறதா என்பதை. சுகாதாரம்தான் கவலை என்றால் தூய்மையைக் கேட்கலாம். கழுவிய சடையும் தூய்மையானதே. சடை வளர்ப்பவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. முடி திரள்வதால் யாரும் புனிதராவதில்லை. நாளைக்கே வெட்டலாம் என்ற நிலையில் இன்றும் ஏன் வைத்திருக்கிறேன் என்பதற்கு அவரிடம் விடை இருந்தால்தான் அது நோன்பு. அந்த விடையை அவருக்காக வேறு யாரும் சொல்ல முடியாது. அவர் வாயை அடைக்க வேறு யாருக்கும் உரிமையும் இல்லை.