வேலையாளின் யோசனையும் முதலாளியின் செவியும்



"சொன்னதை மட்டும் செய்" என்ற ஒரே சொல்லால் நம் கடைகளிலும் பட்டறைகளிலும் எத்தனையோ நல்ல யோசனைகள் மடிந்து போகின்றன. பிறகு, "வேலையாட்களுக்குச் சுயபுத்தியே இல்லை" என்று நாமே குறைப்பட்டுக்கொள்கிறோம்.

நாயகம் (ஸல்) அவர்களின் சபையைப் பாருங்கள். ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருக் களத்தில் அவர்கள் ஓரிடத்தில் இறங்கினார்கள். ஹுபாப் இப்னு முன்திர் (ரலி) அவர்கள் முன்வந்து, இவ்விடம் வஹீயால் காட்டப்பட்டதா, போர்த் தந்திரமா என்று கேட்டார்கள். தந்திரமே என்றறிந்ததும், எதிரிகளுக்கு அருகிலுள்ள கிணற்றின் பக்கம் தங்குவதே நலம் என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்று இடம் மாறியதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. அந்தக் கேள்வியின் அதபைக் கவனியுங்கள். மார்க்கத்தில் புதுமை புகுத்த நமக்கு உரிமையில்லை, அது பித்அத். தொழில் செய்யும் முறையோ ஹலால் ஹராம் வரம்புக்குள் நம் அறிவுக்கு விடப்பட்டது.

ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு மதீனாவைப் பெரும்படை சூழ வந்தபோது, அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர்கள் ஸல்மான் (ரலி) அவர்கள். பாரசீகத்திலிருந்து வந்தவர்கள், அடிமையாய் இருந்தவர்கள். அரபிகள் அறியாத முறை அது. அந்நியன் சொல்வதா என்று எவரும் ஒதுக்கவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே மண் சுமந்தார்கள். தன் யோசனைக்காகத் தலைவரே மண் சுமப்பதைக் காண்பதைவிட ஒருவருக்கு வேறென்ன ஊக்கம் வேண்டும்?

அனஸ் (ரலி) அவர்கள் பத்தாண்டுகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். ஒரு நாளும் 'சீ' என்ற சொல்லையோ, ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்வியையோ கேட்டதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். ஏச்சுக்கு அஞ்சுகிறவன் பழைய தடத்தை விட்டு ஓரடியும் விலகமாட்டான்.

ஆகவே முதலாளிமார்களே! வேலையாட்களிடம் மஷூரா கேளுங்கள். சிறுவன் சொன்னாலும் சிரிக்காதீர்கள். நல்லெண்ணத்தோடு செய்தது தவறினால், நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பலித்தால், அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டி, லாபத்தில் ஒரு பங்கும் கொடுங்கள். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுங்கள். வீட்டில் அரிசி இல்லையே என்று கலங்குபவனுக்குப் புதுயோசனை எங்கிருந்து வரும்?

வேலை செய்யும் சகோதரர்களே! உங்களுக்குத் தோன்றும் நல்ல வழியும் ஓர் அமானிதமே. அதை மறைக்காதீர்கள், பணிவோடு, தனியே எடுத்துச் சொல்லுங்கள்.

இரு சாராருக்கும் விரிந்த உள்ளத்தையும் பரக்கத்தான ரிஸ்கையும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.