நன்றாக ஓடிய நாளின் சத்தம்

காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் என் காரில் ஒரு சத்தம் வரும். டிக், டிக், டிக் என்று சன்னமாக, சீராக. போர்ட் கிள்ளானில் வீட்டைவிட்டுக் கிளம்பி, கொள்கலன் லோரிகளுக்கு நடுவே ஊர்ந்து, கிள்ளானில் இருக்கும் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ஜின் சூடேறிவிடும், சத்தமும் அடங்கிவிடும். மூன்று முறை போனேன். மூன்று முறையும் கார் நல்ல பிள்ளையாக நின்றது. கடைசியில் போமென் (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் சொல்கிறோம்) சொன்னார்: "அண்ணே, நீங்க வர வேணாம். காலையில அந்தச் சத்தத்த மட்டும் ரெக்கோட் பண்ணி அனுப்புங்க."

மறுநாள் பானட்டைத் திறந்து வைத்து, இருபது விநாடி பதிவு செய்து புலனத்தில் அனுப்பினேன். பதில் வரவில்லை, கேள்விகள் வந்தன. எண்ணெயை (ஆக்சிலரேட்டரைத்தான்) மிதித்தால் சத்தமும் வேகமாகிறதா? ஏர்கோண்ட் போட்டால் மாறுகிறதா? எத்தனை நிமிடத்தில் நிற்கிறது?

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. என்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் அதில் பாதியாக 400 சுற்றுதான் சுற்றும். ஆகவே தட்டும் சத்தம் எந்தத் தாளத்தில் வருகிறது என்று பிடித்துவிட்டால், அது மேலே வால்வுப் பக்கமா, கீழே கிராங்க் பக்கமா என்று ஊகிக்கலாம். நின்ற இடத்தில் வராமல், ஓட்டும்போது மட்டும் வண்டியின் வேகத்தோடு கூடிக் குறையும் முனகல் என்றால் சக்கரத்துப் பேரிங்கைச் சந்தேகப்படுவார்கள். கீச்சிடும் பெல்ட்டின் மேல் துளி நீர் தெளித்ததும் சத்தம் மாறினால், குறை பெல்ட்டின் பக்கம்தான். எப்போது வருகிறது, எதைச் செய்தால் மாறுகிறது என்று கேட்கக் கேட்கத்தான் வெறும் இரைச்சல் பேசத் தொடங்குகிறது.

முதல் பதிவு சரிப்படவில்லை. அதில் என் ஊரும் சேர்ந்து கேட்டது. தெருவில் போன லோரி, பக்கத்து வீட்டுச் சேவல். போதாக்குறைக்குக் கைப்பேசி மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்ட கருவி. பேச்சைத் தெளிவாக்குவதற்காக, விடாமல் ஒரே சீராக வரும் ஒலியை இரைச்சல் என்று கருதி அடக்கப் பார்க்கும். என்ஜினின் ஓட்டமோ விடாத சீரான ஒலிதான். போமென் கேட்க விரும்பியதையே கைப்பேசி துடைக்கப் பார்த்தது. கைப்பேசியை எங்கே பிடிப்பது, எப்போது சற்றே எண்ணெய் கொடுப்பது என்று அவர் சொல்லச் சொல்ல, மறுபடி பதிவு செய்தேன்.

தொலைவிலிருந்து உடலைக் கேட்கும் ஆசை பழையது. 1816இல் பாரிஸின் நெக்கர் மருத்துவமனையில் மருத்துவர் லெனெக், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். ஸ்டெதாஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. உயிரோடிருந்தபோது நெஞ்சில் கேட்ட ஒலியை, இறந்த பின் உடலைத் திறந்து பார்த்ததோடு அவர் ஒப்பிட்டுக்கொண்டே வந்தார். பட்டறையிலும் அதே படிப்புதான். நீண்ட ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காதோரத்திலும் வைத்துக் கேட்பார்கள்; பிறகு பிரித்துப் பார்ப்பார்கள். பல வருடம் கேட்டுக் கேட்டு, பிரித்துப் பிரித்துப் பழகிய காது அது.

அந்தக் காது இரண்டாவது பதிவைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டது: "அண்ணே, நல்லா இருந்தப்ப எப்படிச் சத்தம் வரும்?"

என்னிடம் பதில் இல்லை. ஏழு வருடம் தினமும் அமர்ந்து ஓட்டிய வண்டி. அதன் நல்ல சத்தத்தை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. வானொலியைக் கேட்டிருக்கிறேன், போக்குவரத்து நெரிசலைத் திட்டியிருக்கிறேன். சீராக ஓடியது என்பதாலேயே அது என் காதில் விழவில்லை.

இன்று தொழிற்சாலை இயந்திரங்களின் ஒலியைக் கேட்கக் கணினிக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2019இல் ஹிட்டாச்சி ஆய்வாளர்கள் வால்வு, பம்ப், விசிறி ஆகியவற்றின் ஒலிகளைத் திரட்டி வெளியிட்டார்கள். இத்துறையில் பழுதுகளின் ஒலியைக் கற்பிக்காமலே கணினியைப் பழக்கும் வழி ஒன்று உண்டு. பழுது எப்போதாவதுதான் வரும். வரும்போது என்ன உருவில் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே நல்ல நிலையில் ஓடும் ஒலியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்க வைக்கிறார்கள். அதிலிருந்து விலகும் ஒலியைக் கணினி தானே சுட்டுகிறது. நலத்தைக் கேட்டுப் பழகாத காதுக்கு நோய் கேட்காது என்பதை இயந்திரம்கூட ஏற்றுக்கொண்டுவிட்டது.

மனிதர்களிடம் இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். தொலைபேசியில் "நல்லாத்தான்யா இருக்கேன்" என்பார் அம்மா. மாதம் ஒரு முறை பேசும் நான் அதை நம்பி வைத்துவிடுவேன். நாள் தவறாமல் பேசும் தங்கைக்கு மட்டும் அந்த 'நல்லாத்தான்' எங்கே தளர்கிறது என்று கேட்கும். "அம்மாவுக்கு முடியல, ஒரு எட்டு வந்து பாருங்க" என்று அவள் சொன்னபோதெல்லாம் அது சரியாகவே இருந்தது. எங்கள் இருவர் காதிலும் விழுந்தது ஒரே குரல்தான். ஒன்றும் இல்லாத நாட்களின் குரல் அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை.

காரின் குறையும் தெரிந்தது. ஆயில் குச்சியை இழுத்துப் பார்க்கச் சொன்னார் போமென். எண்ணெய் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. காலையில் வால்வுகளுக்கு எண்ணெய் ஏறும்வரை கேட்ட தட்டல் அது. நன்றாகத்தானே ஓடுகிறது என்று பல மாதம் திறந்தே பார்க்காதவன் நான். எண்ணெய் ஊற்றிய மறுநாள் காலை, சீராக ஓடும் என்ஜினை ஒரு நிமிடம் பதிவு செய்து தேதியிட்டு வைத்துக்கொண்டேன்.

அன்று இரவு அம்மாவை அழைத்தேன். "என்னய்யா, எதுவும் விசேஷமா?" என்று பதறினார். குறை வரும்போது மட்டும் காது கொடுப்பவன் என்று என்னைப் பழகியவர் அல்லவா?

"ஒண்ணுமில்லம்மா, சும்மாதான்" என்றேன். சும்மா கேட்டு வைப்பதுதான் ஒரு நாள் உயிரைக் காக்கும் அறிவாகிறது.