வெயில் இலவசம், நீர் யாருடையது?

சென்ற மாதம் கடையநல்லூரிலிருந்து என் மச்சான் எழுதியிருந்தார். தோட்டக் கிணற்றில் சூரிய ஒளியால் இயங்கும் பம்பு வைக்கப் போகிறாராம். சர்க்கார் மானியம் போக, அவர் பங்கில் பாதியை நான் அனுப்ப வேண்டுமாம். "ஒரு தடவை செலவுதான் மச்சான், பிறகு காசே வேண்டாம்" என்று முடித்திருந்தார். பினாங்கில் கடையும் ஊரில் காணி நிலமும் வைத்திருக்கும் நம்மவர் பலருக்கும் இத்தகைய கடிதம் வந்திருக்கலாம். பணம் அனுப்பத் தயக்கமில்லை. "பிறகு காசே வேண்டாம்" என்ற அந்தச் சொல்தான் உறுத்துகிறது.

நம் பாட்டன்மார் ஏற்றத்திலும் கமலையிலும் இறைத்தனர். மாடு களைத்தால் இறைப்பு நின்றது. இரவெல்லாம் கிணறு ஊறியது. பின்னர் டீசல் இயந்திரம் வந்தது. எண்ணெய் விலை கையைக் கட்டிப்போட்டது. இந்தச் சிரமத்தை ஷரீஅத்தும் மதித்திருக்கிறது: மழையால் விளைந்ததில் பத்தில் ஒன்று ஜகாத்து, இறைத்துப் பாய்ச்சி விளைவித்ததில் இருபதில் ஒன்று. சூரிய பம்பு எந்தக் கணக்கில் சேரும் என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம். நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சிரமமே அடுத்தவர் கிணற்றுக்கு வேலியாகவும் இருந்தது.

தமிழ்நாட்டில் அவ்வேலி முன்பே ஒரு தடவை சாய்ந்தது. 1990 முதல் விவசாயிகள் அனைவருக்கும் பம்பு செட்டு மின்சாரம் இலவசமாயிற்று. ஏழை உழவருக்கு அது பேருதவி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கோயம்புத்தூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடியையும் தாண்டிப் போயின. அந்த மின்சாரத்துக்காவது நேரக் கட்டுப்பாடு இருந்தது. 2019இல் இந்திய அரசு தொடங்கிய குசும் திட்டம் மானியத்தோடு கொண்டுவரும் சூரிய பம்புக்கோ, பகல் முழுதும் வெயில்தான்.

வியாபாரிகளாகிய நாம் இதைப் பேரேட்டில் எழுதிப் பார்ப்போம். வெயில் அன்றாட வரவு. இன்று எவ்வளவு எடுத்தாலும் நாளைக்குக் குறையாது. நிலத்தடி நீரோ முதல். மழை சேர்ப்பதற்கு மேல் எடுத்தால் முதல் கரையும். அதுவும் கூட்டு முதல். மண்ணுக்கடியில் வரப்பு கிடையாது. ஒரு கூட்டாளி கல்லாவிலிருந்து அள்ளிக்கொண்டு, "கல்லாவைத் திறக்க எனக்குச் செலவே இல்லை" என்றால் நாம் ஒப்புவோமா?

குஜராத்தில் கேடா மாவட்டத்து டுண்டி கிராமத்தில் ஒரு வழி கண்டார்கள். 2016இல் ஆறு விவசாயிகள் சூரிய பம்புகளோடு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். பாய்ச்சியது போக மிஞ்சும் மின்சாரத்தை யூனிட்டுக்கு 4 ரூபாய் 63 காசு வீதம் மின்சாரக் கம்பெனிக்கு விற்க ஒப்பந்தம் செய்தனர். வீணாக இறைத்தால் அந்த வருமானம் போய்விடும். சாய்ந்த வேலி விலையின் உருவில் திரும்பி நின்றது.

நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் மனம் முழுதும் ஆறவில்லை. அடுத்தவர் கிணற்றை வற்றடிக்காமல் இருப்பதற்குக் கூலி கேட்பது முறையா? முறையன்று என்றே நினைக்கிறேன். ஆயினும் கூலி வாங்கியாவது கையை அடக்குவது மேல். அதைவிடக் கடினமான கேள்வி ஒன்றுண்டு. பம்பு வாங்க வழியில்லாத ஏழை, பக்கத்து வயற்காரரிடம் காசுக்கு நீர் வாங்குகிறான். கம்பெனி கூடுதல் விலை தந்தால் அவன் பயிருக்கு யார் இறைப்பார்? அவனுக்குரிய நீரையும் விலையையும் முதலிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். அவனுடைய ஹக்கை நம் தயவுக்கு விட்டுவைக்கக் கூடாது.

மச்சானுக்குப் பணம் அனுப்பிவிட்டேன். கூடவே, நம் தோட்டத்துக்குக் கிழக்கேயுள்ள கிணற்றில் கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, அதில் வாங்கிப் பாய்ச்சுகிறவர் எத்தனை பேர் என்றும் கேட்டு எழுதினேன். பணம் கிடைத்ததென்று மறுநாளே பதில் வந்தது. கிணற்றைப் பற்றி இன்னும் வரவில்லை.