ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படா என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. அமீனா வந்த வீட்டின் கதி யாவரும் அறிந்ததே. ஜப்தி செய்ய வந்தவர் எதையேனும் எடுத்துக்கொண்டுதான் போவார். ஆனால் ஆமை என்ன செய்தது? சகுனம் பார்ப்பதை மார்க்கம் விலக்கியிருக்க, அந்த வாயில்லாச் சீவன்மீது பழி சுமத்த நமக்கு வழியில்லை. எனினும் அப்பழமொழியைத் திருப்பிப் பார்த்தால் சிந்திக்கத்தக்க வினா ஒன்று பிறக்கிறது. ஆமை புகுந்ததால் வீடு கெடுமா என்பதை விடுவோம். வீட்டுக்குள் புகுந்ததால் ஆமை கெடுமா? கெட்டால் அதற்குப் பொறுப்பு யாருடையது?

இவ்வினாவை நம்முன் வைத்தவர் நம்மிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர். இப்போது அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குடும்பத்தோடு வாழ்கிறார். அண்டை வீட்டு முதியவர், பல்லாண்டுகளுக்கு முன் காட்டோரத்தில் எடுத்துவந்து வளர்த்த ஆமையொன்றை, முதியோர் இல்லம் செல்லும்போது இவருடைய பிள்ளைகளிடம் ஒப்படைத்துச் சென்றாராம். "ஹஜ்ரத், இதை வீட்டுக்குள் வைத்து வளர்ப்பது கூடுமா? அல்லது காட்டில் விட்டுவிடுவதே நன்மையா?" என்று எழுதிக் கேட்டிருந்தார். நாம் இரண்டே வரியில் விடை எழுதினோம்: வளர்ப்பது கூடும், உணவும் நீரும் கொடுத்து வாருங்கள். மார்க்கத் தீர்ப்பைச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு அதை மறந்தும் போனோம்.

ஒரு மாதம் கழித்து மறுகடிதம் வந்தது. "உணவு என்றால் எது, ஹஜ்ரத்?" என்று தொடங்கி நான்கு பக்கங்கள். தாமும் பிள்ளைகளும் படித்தும் மருத்துவரைக் கேட்டும் அறிந்தவற்றை எழுதியிருந்தார்.

அதனைப் பாக்ஸ் டர்ட்டில் என்கின்றனர். பெட்டி ஆமை எனலாம். வட அமெரிக்கக் காடுகளில் உதிர்ந்த இலைகளுக்கிடையே வாழ்வது. மேலோடு சிறு கும்மட்டம் போலிருக்கும். நீளம் 12 முதல் 15 செண்டிமீட்டர். அடியோட்டின் குறுக்கே கீல் போன்ற அமைப்பு இருப்பதால், தலையையும் கால்களையும் உள்ளிழுத்துப் பெட்டியை மூடுவதுபோல் தன்னை மூடிக்கொள்ள வல்லது. மண்புழு, நத்தை, வண்டு, காளான், கனி, இளந்தழை யாவும் தின்னும். இவற்றுள் ஒன்றை மட்டும் நாள்தோறும் கொடுத்தால் நோயுறும். வைட்டமின் 'ஏ' குறைந்தால் இமை வீங்கிக் கண் மூடிப்போகும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் ஓடே மென்மையாகிவிடும். ஆதலின் பூசணி, கேரட் முதலியவற்றோடு கணவாய் ஓட்டுத் தூளும் சேர்த்துக் கொடுக்கின்றனர்.

உணவோடு முடியவில்லை. ஓடு உறுதிபெறச் சூரியனின் புற ஊதாக் கதிர் அதன் உடலில் பட வேண்டும். சன்னலோரம் வைத்தால் போதுமென்று நாம் எண்ணுவோம். சன்னற் கண்ணாடியோ வெளிச்சத்தை விட்டு, வேண்டிய அக்கதிரைத் தடுத்துவிடுகிறது. எனவே அதற்கென்றே செய்யப்பட்ட விளக்கு வேண்டும். அவ்விளக்கும் ஆறு மாதத்திலிருந்து ஓராண்டுக்குள் அக்கதிரின் வலிமையை இழந்துவிடும். வெளிச்சம் மட்டும் முன்போலவே இருக்கும். இருப்பிடத்தின் ஒரு புறம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் மறுபுறம் 22 டிகிரியும் இருந்தால்தான், அங்குமிங்கும் நகர்ந்து தன் உடற்சூட்டை அது சீர்செய்துகொள்ளும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் கருவி காற்றை உலர்த்திவிடும். உலர்ந்த காற்றில் கண்ணும் மூச்சும் கெடும். ஆகவே புதைந்து படுப்பதற்கு ஈரமண்ணும் சருகும் இட வேண்டும். ஆழமில்லாத தட்டில் நீர் வைத்து நாள்தோறும் மாற்ற வேண்டும். கண்ணாடித் தொட்டி ஆகாது. அப்பாலுள்ளது தெரிவதால் வழியிருக்கிறதென்று மயங்கி நாள் முழுதும் முட்டிக்கொண்டேயிருக்கும். நான்கடி நீளமும் இரண்டடி அகலமுமாவது உள்ள மரப்பெட்டி வேண்டும். கோடையில் தோட்டத்தில் வேலியிட்ட இடம் இன்னும் நன்று. தொட்ட பின் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். சால்மொனெல்லா என்னும் கிருமி ஆமையிடமிருந்து குழந்தைகளுக்குத் தொற்றி வயிற்று நோய் தரக்கூடும்.

இதனைப் படித்து முடித்தபோது வேறோர் ஆமை நம் நினைவுக்கு வந்தது. பத்து வயதில், ஊர்க் குளத்தில் பிடித்த சிற்றாமையொன்றைக் கூடத்து மூலையில், வெயில் எட்டாத இடத்தில், அண்டாவொன்றில் இட்டு வளர்த்தோம். சோற்றுப் பருக்கையும் கீரையும் போட்டோம். முதற்சில நாள்கள் அண்டாவைப் பிறாண்டிக்கொண்டேயிருந்தது, பிறகு அடங்கிவிட்டது. "சாதுவான சீவன், இருக்கிற இடமே தெரியவில்லை" என்று உம்மா மெச்சினார்கள். கண்கள் வீங்கி மூடியிருந்ததைத் தூக்கம் என்று எண்ணினோம். மூன்றாம் மாதம் இறந்தது. முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு அழுதோம். நாம் அதனை நேசித்தோம் என்பதில் ஐயமில்லை. நேசித்துக்கொண்டே கொன்றோம் என்பதை உணர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பூனையொன்றை அடைத்து வைத்ததால் நரகம் புகுந்த பெண்ணைப் பற்றிய நபிமொழியை எத்தனையோ ஆண்டுகள் மாணவர்க்குப் பாடம் நடத்தியிருக்கிறோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது. அண்ணலார் (ஸல்) அவர்கள் அப்பெண்மீது உரைத்த குற்றம் இது: தானும் உணவளிக்கவில்லை, கஷாஷுல் அர்ள் எனப்படும் நிலத்துச் சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னும்படி அதனை விடவுமில்லை. ஆழ்ந்து நோக்கினால் இங்கே இரண்டு வாயில்கள் தெரிகின்றன. ஒன்று ஊட்டும் வாயில். மற்றது விடுவிக்கும் வாயில். இரண்டையும் அடைத்ததே அவள் செய்த பாவம்.

மாணவரின் ஆமைக்கு இரண்டாம் வாயில் முன்பே அடைபட்டுவிட்டது. பெட்டி ஆமை பெரும்பாலும் சில நூறு மீட்டர் பரப்புக்குள்ளேயே தன் ஆயுளைக் கழிப்பது. வேற்றிடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடி அலையும். சாலையைக் கடக்கையில் வண்டியில் அடிபடும். அன்றி நலிந்து மடியும். வீட்டில் வளர்ந்தது தன் நோயைக் காட்டிலுள்ள இனத்தாருக்குக் கொண்டுசெல்லவும் கூடும். அந்த வாயிலை அடைத்தவர் மாணவர் அல்லர். அன்று காட்டோரத்தில் குனிந்து எடுத்த கை அடைத்தது. ஆயினும் அமானிதம் யார் கையில் இருக்கிறதோ, பொறுப்பும் அவர்மேலதே. ஒரு வாயில் அடைபட்டால் மற்ற வாயிலின் கடமை இரட்டிப்பாகிறது. அவ்வுயிருக்கு இனி மழையும் வெயிலும் காடும் நாமே.

ஷாபியீ மத்ஹபின் இமாம்களுள் ஒருவரான கஃப்பால் (ரஹ்) அவர்களிடம், குரலைக் கேட்டு மகிழப் பறவைகளைக் கூட்டில் அடைப்பது பற்றிக் கேட்கப்பட்டது. அவற்றின் தேவைகளை உடையவர் கவனித்து வந்தால் கூடும் என்று அவர்கள் விடையளித்ததாக நம் பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. நாம் 'கூடும்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னுள்ள நிபந்தனையை விட்டுவிட்டோம். தேவை எதுவென்றே அறியாதவர் அதனை நிறைவேற்றுவது எங்ஙனம்? ஒளுவின் பர்ளுகளை அறியாதவர் உறுப்புகளை நனைத்தார் எனலாம். ஒளுச் செய்தார் எனலாகாது. அவ்வாறே, அறியாமல் வளர்ப்பவர் அடைத்து வைத்தார் எனலாம், வளர்த்தார் எனலாகாது.

மனிதர் பசித்திருக்க ஆமைக்கு விளக்கா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆமை வளர்க்குமாறு யாரையும் மார்க்கம் பணிக்கவில்லை, வளர்க்காதிருப்பவர்மேல் குற்றமுமில்லை. ஆனால் வளர்ப்பதற்கென எடுத்துக்கொண்ட பின் அது கடன் ஆகிவிடுகிறது. உலகில் ஏழைகள் உளர் என்று கூறிக் கடன்காரர் தம் கடனைத் தள்ளிவிட முடியாது.

வள்ளுவர் ஐம்புலன் அடக்கத்துக்கு ஆமையை உவமையாக்கினார். அவ்வுவமை மனிதர்க்குச் சொன்னது. வீட்டிலுள்ள ஆமை ஒடுங்கிக் கிடந்தால் அதனைப் பொறுமை என்று கொள்வது பிழை. அது அச்சமாயிருக்கலாம், பிணியாயிருக்கலாம். பூனை கத்தித் தன் பசியைக் கூறும். ஆமை அவ்வாறு முறையிடாது. முறையிடாதவரின் ஹக்கை நாமாகத் தேடிச் சென்று கொடுக்க வேண்டும். ஹிஜ்ரி 660, அதாவது கி.பி. 1262இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, முதுமையாலோ நோயாலோ பயன் தராமற் போன விலங்கையும் பராமரிக்க வேண்டும் என்கிறார்கள். காட்டிலே ஐம்பதாண்டைக் கடந்தும் வாழும் இவ்வாமை, வளர்ப்பவருக்குப் பின்னும் இருக்கக்கூடும். எனவே தமக்குப் பின் அதனைப் பார்த்துக்கொள்வது யார் என்பதையும் அவர் எழுதி வைப்பது நன்று.

இதைப் படித்து, நம் இளைஞர் எவரும் ஆமை தேடிப் புறப்பட்டுவிடக் கூடாது. பெட்டி ஆமை பருவமடையவே பல ஆண்டுகள் ஆகும். இடுவதோ சில முட்டைகளே. பிடித்து விற்போரால் குறைந்துவந்த அவ்வினத்தின் பன்னாட்டு வாணிகம் 1995 முதல் கட்டுப்பாட்டுக்குள் உள்ளது. நம் நாட்டு நட்சத்திர ஆமையை வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். காட்டிலுள்ளதைக் காட்டிலே விட்டுவைப்பது, இரண்டாம் வாயிலை அடைக்காதிருப்பது. அதுவே எளிய வழி. ஏற்கெனவே நம் வீட்டிலிருக்கும் கூட்டுக்கிளிக்கும் தொட்டி மீனுக்கும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இதன் தேவை என்னவென்று நாம் அறிவோமா?

மாணவருக்கு நம் முதல் விடையைத் திருத்தி எழுதினோம். அவர் அனுப்பிய பதிலில் ஒரு செய்தி இருந்தது. மாற்ற வேண்டிய நாள் மறந்துபோகாதிருக்க, அவருடைய இளைய மகள் விளக்கின் தண்டில் சிறு தாளொன்றை ஒட்டி, அதைப் பொருத்திய தேதியைக் குறித்து வைத்திருக்கிறாளாம். விளக்கு எரிகிறது என்பதால் வேண்டியது கிடைக்கிறது என்று அச்சிறுமி எண்ணவில்லை. நாம் அண்டாவின் அருகே அமர்ந்திருந்த வயதுதான் அவளுக்கும்.