கட்டி வைத்த ஸ்வரம்

முதல் கச்சேரிக்குச் சில நாட்களே இருந்தன. கல்யாணி ராகத்துக்குத் தானே எழுதிய கற்பனை ஸ்வரங்களை நோட்டு நிறைய வைத்துக்கொண்டு சீடன் குருவின் முன் உட்கார்ந்திருந்தான்.

"மனோதர்மம் என்று பெயர் வைத்துவிட்டு இதை ஒப்பிப்பது மோசடி இல்லையா, சார்?"

குரு நோட்டைத் திறக்கவில்லை. "1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியது தெரியுமா?"

"தெரியும். கனவைப் பற்றிய பேச்சு."

"கையில் இருந்த உரையில் அந்தக் கனவே கிடையாது. பேச்சு முடியும் தறுவாயில், அருகில் இருந்த பாடகி மஹாலியா ஜாக்சன், கனவைச் சொல்லும்படி குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டுவிட்டுப் பேசினார்."

"அப்படியானால் தயாரிக்காததுதானே நிலைத்தது!"

"அவசரப்படாதே. அதே ஆண்டு ஜூன் 23 அன்று டெட்ராய்ட்டிலும் அவர் கனவைப் பேசியிருக்கிறார். பழகிய சொல்தான். ஆனால் அன்றைக்கு அதை எடுக்க வைத்தது ஒரு குரல். அது அவர் காதில் விழுந்தது."

சீடன் விடவில்லை. "அவருக்கு மஹாலியா இருந்தார். எனக்கு யார்?"

"பக்கவாத்தியம். நம் கச்சேரிகளில் பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. உன் நோட்டை வயலின்காரர் படித்ததில்லை. அவர் பதில் வாசிக்கும்போது நீ அடுத்த வரியை நினைவுபடுத்திக்கொண்டிருந்தால், அவர் என்ன வாசித்தார் என்றே உனக்குத் தெரியாது. மோசடி என்றால் அதைச் சொல்."

"கோர்வையை மட்டும் முன்கூட்டியே கட்டலாமா?"

"எல்லோரும் கட்டுவதுதான். ஆதி தாளம், சமத்தில் எடுப்பு. ஐந்தைந்தாக மூன்று முறை. எங்கே தொடங்குவாய்?"

"ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. 15 போனால் 17. லகு முடிந்து ஒரு மாத்திரை விட்டு எடுக்க வேண்டும்," என்று சீடன் ஒரே மூச்சில் சொன்னான்.

"எடுப்பை அரையிடம் தள்ளிவிட்டேன். இப்போது?"

தொடையில் விழுந்துகொண்டிருந்த தாளம் சட்டென்று நின்றது. சுண்டுவிரலில் தொடங்கி மறுபடி எண்ணினான். "இரண்டு மாத்திரை கூடும். 19 விட்டு..."

"கணக்கு சரி. தாளத்தை நிறுத்தாமல் சொல்ல வரும்வரை வீட்டில் போட்டுப் பார்," என்ற குரு சுருதிப்பெட்டியைப் போட்டார். "வயலின்காரர் நிஷாதத்தில் நின்றுகொண்டு உன்னைப் பார்க்கிறார். எங்கே போவாய்?"