மூடிய சில்லும் கருதல் அளவையும்

காணாத ஒன்றை அறிந்ததாகக் கூறும் உரிமை எங்கிருந்து வருகிறது என்னும் வினாவே, மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் காஞ்சியில் விளக்கும் அளவை இயலின் உயிர்நாடியாகும். காட்சி (நேரில் காணல்), கருதல் (உய்த்துணர்தல்) என்னும் இரண்டை மட்டுமே அறிவின் வழிகளாக ஏற்று, பிழையான காரணங்களைப் போலிகள் என அது நுணுக்கமாக வகைப்படுத்துகிறது.

காஞ்சி அமைந்த அதே தொண்டை நாட்டில், சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் அமைந்த கடம்பத்தூர் போன்ற ஊர்களில் மின்னணுச் சுற்றைப் பழுது பார்ப்பவரும் இவ்வினாவைத் தவிர்க்க இயலாது. எல்எம்386 என்னும் எட்டுக் கால் ஆம்ப்ளிபயர் ஐசியின், அதாவது பல டிரான்சிஸ்டர்களை ஒரே சிலிக்கான் துண்டில் அடக்கிய சுற்றின், உட்புறம் எவர் கண்ணுக்கும் புலப்படாது. ஆயினும் 9 வோல்ட் மின்சாரம் பெற்று உள்ளீடின்றி இருக்கையில், அதன் வெளியீடான 5ஆம் காலில் ஏறத்தாழ 4.5 வோல்ட் நிற்க வேண்டும். அந்த அளவு மிகத் தாழ்ந்திருப்பதை மட்டும் கொண்டு ஐசி பழுது என முடிவு செய்வது, மணிமேகலை அநைகாந்திகம் எனக் குறிக்கும், ஒரே முடிவில் நில்லாத காரணத்தை (ஏதுவை) நம்புவதாகும். ஏனெனில் ஸ்பீக்கருக்கு முன்னுள்ள மின்தேக்கி ஷார்ட் ஆனாலும் அதே தாழ்வு தோன்றும். ஸ்பீக்கரைக் கழற்றியதும் 4.5 வோல்ட் திரும்பினால் ஐசி குற்றமற்றது.

புதிய ஐசியைப் பொருத்தியபின் ஒலி வருவதும் முழுச் சான்றாகாது, ஏனெனில் சால்டரிங் செய்தபோது விட்டுப்போன இணைப்பே ஒட்டியிருக்கக்கூடும். கழற்றிய ஐசியை நன்கு இயங்கும் வேறொரு சுற்றில் பொருத்தி, அங்கும் அது இயங்காததைக் கண்டவரின் கருதலே நம்பத்தக்கது.